கேமிங் பிசி கட்டும்போது புராசஸரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

கேமிங் பிசி கட்டப் போகிறேன் என்று சொல்பவர்களின் அடுத்த கேள்வி பெரும்பாலும் "ஐ7 போடலாமா, ரைசன் 7 போடலாமா" என்பதுதான். ஐ7 இன்டெலின் புராசஸர், ரைசன் 7 ஏஎம்டியுடையது. என் அக்கா மகனும் அங்கேதான் ஆரம்பித்தான். 2025 நடுவில் கல்லூரிக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தவன், பழைய பிசியை மாற்ற அக்காவிடம் பேசி ஒரு தொகையையும் வாங்கி வைத்திருந்தான். "மாமா, 14900கே எடுத்துடலாம். ஸ்ட்ரீமருங்க எல்லாம் அதைத்தான் வெச்சிருக்காங்க" என்றான். இன்டெலின் உயர்ந்த ரகப் புராசஸர் அது. கையில் இருந்ததில் பெரும்பகுதியைப் புராசஸருக்கும் அதற்குத் தக்க மதர்போர்டு, கூலருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது அவன் திட்டம்.

புராசஸரைக் கடைசியில் பார்க்கலாம் என்றேன். என்னென்ன கேம், எந்த மானிட்டர், எந்த கார்டு என்பது தெரிந்துவிட்டால் எந்தப் புராசஸர் போதும் என்பது கிட்டத்தட்ட தானாகவே தெரிந்துவிடும். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "புராசஸர்தானே மாமா மெயின்?" என்றான். சரி, உன் பழைய பிசியையே கேட்போம் என்று உட்கார்ந்தோம்.

அதில் இருந்தது ஐ5 7400. நான்கு கோர் (கணக்கிடும் மையங்கள்), நான்கே த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). கூடவே 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. 2017இல் நல்ல ஜோடிதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவி, எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் ஃப்ரேம்கள், அதாவது படங்கள்), புராசஸர் பயன்பாடு, கார்டு பயன்பாடு மூன்றும் திரை மூலையில் தெரியும்படி வைத்தோம். எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க்கையும் எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புராசஸர், கார்டு இரண்டுமே சும்மா இருப்பது போலக் காட்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 திறந்து 1080பியில் கொஞ்ச நேரம் ஆடினான். அப்புறம் அதே மேப்பில் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி ஆடினான். வரைய வேண்டிய பிக்சல்கள் பாதிக்கும் கீழே போய்விட்டன. எஃப்பிஎஸ்ஸோ அசையவே இல்லை. நான்கு கோரும் 100இல் முட்டிக்கொண்டு நிற்க, கார்டு பாதி வேலைகூட இல்லாமல் காத்திருந்தது. ஐந்தாறு பேர் ஒரே முனையில் மோதிக்கொள்ளும்போது எஃப்பிஎஸ் தடாலென்று விழுவதும் இதனால்தான்.

சைபர்பங்க் 2077இல் நேர் எதிர். 1080பியில் கார்டு 99 சதவீதத்தில் மூச்சுத் திணறியது. ரெசல்யூஷனைக் குறைத்ததும் எஃப்பிஎஸ் ஏறியது. ஆனால் கூட்டம் மண்டிய சந்தைப் பகுதிக்குள் நுழைந்ததும் அங்கே மறுபடி புராசஸர் முட்ட, படம் திக்கித் திக்கி ஓடியது.

ஒரு ஃப்ரேம் திரைக்கு வருவதற்குள் புராசஸர் ஒரு பெரிய வேலையை முடித்தாக வேண்டும். யார் எங்கே நிற்கிறார், தோட்டா எங்கே பட்டது, கூட்டத்தில் ஒவ்வொரு ஆளும் அடுத்து எந்தப் பக்கம் நடப்பான் என்பதையெல்லாம் கணக்கிட்டு, இதையெல்லாம் வரை என்று கார்டுக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். ரெசல்யூஷன் கூடினாலும் குறைந்தாலும் இந்த வேலை ஏறக்குறைய மாறாது. கூடிக் குறைவது கார்டின் வேலைதான். ஆகவே ரெசல்யூஷனை இறக்கியும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் புராசஸர்தான் தடை. நன்றாக ஏறினால் கார்டு தடை. புதிதாக எதையும் வாங்குமுன் செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எட்டு கோர், பதினாறு கோர் உள்ள புராசஸரில் டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம் என்று காட்டும். உடனே "புராசஸர் சும்மாத்தான் இருக்கு" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கேமின் முதன்மைத் த்ரெட் ஒரே கோரில் மாட்டிக்கொண்டு திணறும்போதும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும். அதனால் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95க்கு மேலேயே நின்றால் புராசஸரால் தடையில்லை. எந்த வரம்பும் வைக்காமலேயே 60, 70 என்று தொங்கினால் புராசஸர் பக்கம்தான் சிக்கல்.

இவ்வளவும் பார்த்த பிறகு மானிட்டரைப் பற்றிப் பேசினோம். அவனுக்கு 27 அங்குலம், 1440பி, 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 180 முறை படம் மாற்றும் திரை) வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி, 180 ஹெர்ட்ஸில் 5.6தான். கவுன்டர்-ஸ்ட்ரைக், வேலரன்ட் மாதிரி கேம்களில் அந்த 5.6க்குள் வேலையை முடிக்க நல்ல புராசஸர் தேவை. சைபர்பங்க் மாதிரி கேம்களிலோ, 1440பியில் எந்த நடுத்தரக் கார்டாலும் 180 ஃப்ரேம் வரைய முடியாது. 80, 90 வந்தாலே நிறைவு. அந்த வேகத்துக்கு இன்றைய ஆறு கோர் புராசஸர் எதுவும் தாராளம்.

கார்டாக ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி மெமரி உள்ளது என்று முடிவானது. 8 ஜிபி வகையும் இருக்கிறது. 1440பிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய புராசஸரை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாக் கார்டுகளின் டிரைவரும் புராசஸருக்கு ஒரே அளவு வேலை வைப்பதில்லை. இன்டெலின் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, ஆனால் பழைய புராசஸரோடு சேர்த்தால் சில கேம்களில் நன்றாகவே சறுக்குகிறது. விமர்சன வீடியோக்களில் அதை உயர்ந்த ரகப் புராசஸரில் வைத்துச் சோதித்திருப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

14900கே கதைக்கு வருவோம். 24 கோர் என்பது உண்மை; அதில் 8 பெரிய கோர், 16 சிறிய கோர். வீடியோ எடிட் செய்கிறவருக்கு எல்லாமே உழைக்கும். கேமுக்கு ஆறு முதல் எட்டு நல்ல கோர் போதும், மற்றவை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும், அதற்குத் தண்ணீர் கூலர் வேண்டும், வலுவான போர்டு வேண்டும். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய் நாளடைவில் சிப் நிலைகுலையும் சிக்கலை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. இப்போது போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாகப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர், அந்தத் திருத்தம் வருமுன் அந்தச் சிப் எப்படி ஓடியது என்பதை அறிய வழியே இல்லை. நான் தொட மாட்டேன்.

அடுத்து அவன் தாவியது ஏஎம்டியின் ரைசன் 7800எக்ஸ்3டிக்கு. இதற்கு மட்டும் நான் உடனே மறுப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் அது கேமுக்கென்றே பிறந்த சிப். சாதாரண ரைசன் 7600இல் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகம்) 32 எம்பி. எக்ஸ்3டியில் கூடுதலாக 64 எம்பி அடுக்கி மொத்தம் 96. கேம் ஓடும்போது புராசஸர் அடிக்கடி தேடும் தகவல் கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அதற்குப் பல மடங்கு நேரம். பெரிய கேஷ் அந்த அலைச்சலைத்தான் குறைக்கிறது. 2022இல் வந்த 5800எக்ஸ்3டி, எட்டு கோர் சிப்பாக இருந்துகொண்டே பெரிய பெரிய சிப்புகளைக் கேமில் முந்தியதற்குக் காரணம் இதுதான். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் கோரின் சூடு நேராகக் கூலருக்குப் போகிறது, வேகத்தையும் கூட்ட முடிந்தது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ, ஆயிரம் பேர் ஒரே இடத்தில் திரளும் ஆன்லைன் கேம்கள் ஆகியவற்றில் எக்ஸ்3டியின் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட "1 சதவீத லோ" என்ற எண்ணில்தான் அது அதிகம் தெரியும். இருப்பதிலேயே மெதுவாக வந்த ஃப்ரேம்களின் கணக்கு அது. சராசரி 140 என்று இருந்து லோ 50 என்றால் ஆடும்போது கையில் ஓர் உதறல் தெரியும். சராசரி 110, லோ 85 என்றால் வழுக்கிக்கொண்டு போகும். விமர்சனத்தில் இந்த எண்ணைக் காட்டாதவர்களின் வரைபடத்தை நான் தள்ளிவிடுவேன்.

ஆனால் அந்த விமர்சனங்களைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. புராசஸர் சோதனையில் வேண்டுமென்றே ஆர்டிஎக்ஸ் 4090, 5090 மாதிரி உச்ச ரகக் கார்டைப் போட்டு 1080பியில் ஓட்டுவார்கள். கார்டு தடையாக இருக்கக் கூடாது, புராசஸரின் உச்சவரம்பு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக. அது சரியான சோதனைதான். அதில் எக்ஸ்3டிக்கும் 7600க்கும் பெரிய இடைவெளி தெரியும். அதே இரண்டையும் 9060 எக்ஸ்டியோடு 1440பியில், செட்டிங்கை உயர்த்தி ஓட்டினால் கனமான கேம்களில் இடைவெளி பெரும்பாலும் காணாமல் போய்விடும், ஏனென்றால் கார்டு ஏற்கெனவே 99இல் நிற்கிறது. அதனால் வரைபடத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நம் கார்டால் இந்தக் கேமில் வரைய முடிந்த எஃப்பிஎஸ் எவ்வளவு, இந்தப் புராசஸரின் உச்சம் அதைவிட மேலே இருக்கிறதா? இருந்தால் போதும்.

வெளியானபோது 7600இன் விலை 229 டாலர், 7800எக்ஸ்3டியின் விலை 449 டாலர். நாங்கள் வாங்கியபோது நம்மூரிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். அந்த இடைவெளி முழுவதையும் கார்டில் போட்டால் அவன் ஆடும் கேம்களில் கிடைப்பது அதிகம். "அப்போ வேலரன்ட்டுக்கு?" என்று விடாமல் கேட்டான். வேலரன்ட்டில் 7600 கொடுப்பதே அவன் திரையின் 180ஐத் தாண்டிவிடும். 360 ஹெர்ட்ஸ் திரையில் போட்டிக்கு ஆடுகிறவனாக இருந்தால் நானே எக்ஸ்3டி வாங்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் தலைக்கு மேல் பலகைகள், காலுக்குக் கீழ் அட்டைப் பெட்டிகள். 7600 அல்லது 7500எஃப் என்று கேட்டோம். ஒரு கடையில், "தம்பி, 7500 எதுக்கு? 8400எஃப் இருக்கு, அதைவிடப் புதுசு, விலையும் கம்மி" என்று பெட்டியை எடுத்து வைத்தார். பையன் முகம் மலர்ந்துவிட்டது. 8400 என்பது 7500ஐவிடப் பெரிய எண்தானே!

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 8400எஃப் மடிக்கணினிக்காக வடிவமைத்த சிப்பிலிருந்து வந்தது. கோர் ஆறுதான், த்ரெட் பன்னிரண்டுதான், எல்லாம் 7500எஃப் போலவே. ஆனால் எல்3 கேஷ் 16 எம்பி, அதாவது பாதி. வேகமும் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை, 7500எஃப் 5.0 வரை போகும். கார்டுக்குப் போகும் பிசிஐஇ பாதையும் 16க்குப் பதில் எட்டு. கேமில் 7500எஃப்புக்குப் பின்னால்தான் நிற்கும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் வரிசையிலும் இதே கதை உண்டு: ரைசன் 5500க்கும் 5600க்கும் எண்ணில் நூறுதான் வித்தியாசம், கேஷில் 16க்கும் 32க்கும் உள்ள வித்தியாசம், 5500இல் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, புதிது என்றார், அது புதிதுதான். பெயரில் உள்ள எண்ணை நம்பாமல், அந்த மாடலின் அதிகாரபூர்வப் பக்கத்தில் எல்3 கேஷ் எவ்வளவு என்று போனில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், இந்தக் குழப்பம் முழுவதும் தீர்ந்துவிடும்.

இன்னொரு கடையில் ட்ரே பீஸ் கிடைத்தது. பெட்டி, கூலர் இல்லாமல் சிப்பை மட்டும் பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தருவது. விலை இறங்கும், ஆனால் வாரண்டி பெரும்பாலும் அந்தக் கடையோடு சரி. பெட்டியில் வருவதற்கு நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரண்டி. புராசஸர் அபூர்வமாகத்தான் கெடும் என்பதால் ட்ரே வாங்குகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்குகிறவர்களைச் சொல்வேன்.

கடைசியில் 7500எஃப்பா, 7600ஆ என்று நின்றோம். கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 7500எஃப்பில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. எஃப் என்ற எழுத்து இரண்டு நிறுவனங்களிலும் அதைத்தான் சொல்கிறது. 7600இல் சின்னதாக ஒன்று இருக்கிறது. கேம் ஆட உதவாது. ஆனால் கார்டில் ஏதாவது கோளாறு வந்தால் மானிட்டரைப் போர்டிலேயே செருகிப் பார்க்கலாம். 7600ஐயே எடுத்தோம், அதன் பலன் உடனே கிடைத்தது: ஆர்டர் செய்த கார்டு வரத் தாமதமாக, அதற்குள் விண்டோஸ் 11 போட்டு, கேம்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டான். விலை வித்தியாசம் சிறிது என்றால் 7600 எடுங்கள்; பெரிது என்றால் 7500எஃப்.

போர்டு பி650. 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, சிப்பில் இல்லை. ஒரு பின் வளைந்தாலும் போர்டு போச்சு. அதனால் சிப்பைச் செங்குத்தாக, மெதுவாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கம்பியை மூடும்போது சாக்கெட்டின் கறுப்பு மூடி தானாகக் கழன்று வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்ப வேண்டி வந்தால் கேட்பார்கள். 9600எக்ஸ் மாதிரி 9000 வரிசைச் சிப்பைப் பழைய இருப்பில் கிடந்த பி650 போர்டில் போடுகிறவர்கள், பயாஸ் புதுப்பித்திருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். சிப் இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாக இருந்தால் கவலையில்லை.

முதல் முறை ஆன் செய்தபோது திரை கறுப்பு. மின்விசிறிகள் சுற்றுகின்றன, போர்டில் டிரேம் என்ற இடத்தில் விளக்கு எரிகிறது, வேறு ஒன்றும் இல்லை. பையன் வெளிறிப்போய் பவர் பொத்தானுக்குக் கை கொண்டு போனான். தொடாதே என்றேன். ஏஎம்5 போர்டு முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பொறுத்திருந்தோம், பயாஸ் வந்தது.

வந்ததும் முதல் வேலை, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற செட்டிங்கை ஆன் செய்வது. நாங்கள் வாங்கியது டிடிஆர்5 6000, சிஎல்30 (ரேமின் தாமத எண்), இரண்டு 16 ஜிபி. எக்ஸ்போ போடாவிட்டால் அது 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ரேம் மெதுவானால் 1 சதவீத லோவும் இறங்கும். புராசஸரில் ஒரு படி மேலே போகக் காசு கொடுத்துவிட்டு இந்த ஒரு செட்டிங்கை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். நான்கு ஸ்லாட் இருந்தால் புராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

சூட்டைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் அறை 21 டிகிரி. நம் அறை ஏசி இல்லாவிட்டால் மதியம் 35. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 7600க்குப் போதும் என்பது உண்மை. 65 வாட் என்று எழுதியிருந்தாலும் சிப் 88 வாட் வரை எடுக்கும், அதையும் சமாளிக்கிறது. கேம் முதல் முறை திறந்து ஷேடர் (காட்சி வரையும் நிரல்) கம்பைல் ஆகும்போது 90 டிகிரியை நெருங்கியது. 95 வரை அந்தச் சிப்புக்கு அனுமதி உண்டு, ஆபத்தில்லை. சத்தம்தான் தாங்கவில்லை. ஹாஸ்டல் ரூம்மேட் தூங்கும் நேரத்தில் ஆடுகிறவனுக்கு அது சரிவராது. 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள ஒற்றைக் கோபுரக் கூலர் ஒன்றை மாட்டியதும் அடங்கிவிட்டது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டையெல்லாம் தனியாக வாங்கி ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. கூலரோடு வந்ததே போதும்.

இப்போது சைபர்பங்க்கில் கார்டு 97, 98இல் நிற்கிறது, புராசஸர் நிதானமாக இருக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் திரையின் வேகத்தை அனாயாசமாகத் தாண்டுகிறது. மூன்று நான்கு ஆண்டு கழித்துப் போதவில்லை என்றால் இதே போர்டில் ஓர் எக்ஸ்3டி சிப்பை மாற்றிக்கொள்ளலாம். ஏஎம்4இல் அது நடந்ததைப் பார்த்தோம்: 2017இல் பி350 போர்டு வாங்கியவர் பயாஸைப் புதுப்பித்து 2022இல் 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. ஏஎம்5ஐ 2027க்கும் அப்பால் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலில் 1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது.

ஆனால் இன்று யாராவது கேட்டால் இதே பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க மாட்டேன். 2025 இறுதியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரி போனதில் டிடிஆர்5 விலை எகிறிவிட்டது. பழைய பிசியில் நல்ல டிடிஆர்4 ரேம் 16 அல்லது 32 ஜிபி இருக்கிறவர்கள் அதைக் கழற்றிக் குறைந்த விலைக்கு விற்றுவிடாதீர்கள். ஏஎம்4 போர்டு வைத்திருந்தால் ரைசன் 5600 அல்லது 5700எக்ஸ் போதும். போர்டும் புதிதாக வேண்டும் என்றால் இன்டெலின் ஐ5 12400எஃப்பை டிடிஆர்4 போர்டில் போடலாம். 1080பியில் நடுத்தரக் கார்டுக்கு அது இன்னும் சளைக்காத சிப். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பொருந்தும் பி760 போர்டுகளில் ஒரே பெயரில் டிடிஆர்4க்கு ஒன்றும் டிடிஆர்5க்கு ஒன்றுமாக இரண்டு வகை வரும், ஒன்றின் ரேம் மற்றதில் நுழையவே நுழையாது. பெயரின் கடைசியில் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.